வாழைத் தோப்புக்குள் ரேடியோ அலை: முதல் கள அளவீட்டுக்குக் கிளம்புகிறவர்களுக்கு

நெல்லைச் சீமையில், களக்காட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏத்தன் (நேந்திரம்) வாழைத் தோப்பு. பதினொரு நாள் காலையும் மாலையும் அங்கே நின்று, ரேடியோ சிக்னல் எவ்வளவு குறைகிறது என்று டெசிபெல் கணக்கில் அளந்து, "நூறு மீட்டர் வாழை 40 டெசிபெல்லை விழுங்குகிறது" என்று அரைப் பக்கம் எழுதி நெறியாளரிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "வெட்டவெளியில அதே நூறு மீட்டருக்கு எவ்வளவு வந்துது?" நான் அளந்திருக்கவில்லை. மறுநாள் காய்ந்து கிடந்த குளத்துக்குள் இறங்கி அளந்தால், ஒரு வாழை கூட இல்லாத இடத்திலும் ஏறக்குறைய அதே இழப்பு. வாழை பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. ஆன்டெனாவின் நடுக்கம்பி எதையும் தொடவே இல்லை. அது எப்படி என்று நான்காவது படியில் சொல்கிறேன்.

நுண்ணலை, அலைபரவல் என்று நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஆராய்ச்சிக்குச் சேருகிறவர்கள் மென்பொருளிலேயே ஆன்டெனா வரைந்து காலத்தை ஓட்டிவிடப் பார்ப்பதற்குக் காரணம் சோம்பல் இல்லை. களத்துக்குப் போனால் அனுமதி என்ன, செலவு எவ்வளவு, யாரைப் பார்க்கணும் என்று சொல்ல ஆள் இல்லை. முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம் என்கிறது யுஜிசியின் 2022 ஒழுங்குமுறை. அதில் 12 கிரெடிட் பாடப்பகுதி வேறு. மிச்சமிருக்கிற காலத்தில் ஒரு பயிர்ப் பருவத்தைத் தவறவிட்டால் ஒரு வருடம் போச்சு. எனக்குப் போனது.

1. அதிர்வெண்ணை முதலில் முடிவு செய்யுங்கள்

எத்தனை காகிதம் அலைய வேண்டும் என்பதை அதிர்வெண்தான் தீர்மானிக்கும். 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையும், 2.4 முதல் 2.4835 கிகாஹெர்ட்ஸ் வரையும் இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அனுப்பும் திறன் 1 வாட்டுக்குள், ஆன்டெனாவோடு சேர்த்து வெளியேறுவது 4 வாட்டுக்குள் இருக்க வேண்டும். லோரா (கொஞ்சம் சக்தியில் வெகுதூரம் போகும் ரேடியோ முறை) மாட்யூல் ஒன்றை 14 டிபிஎம்மில் வைத்தால் 25 மில்லிவாட்தான். அந்த எல்லைக்குக் கிட்டேகூட நீங்கள் போக மாட்டீர்கள்.

ஆய்வகத்தில் கிளைஸ்ட்ரான் (நுண்ணலை உண்டாக்கும் குழல்) பெஞ்சில் பழகியவர்களுக்கு 10 கிகாஹெர்ட்ஸ் மேல் ஒரு பாசம் இருக்கும். வேவ்கைடு என்கிற உலோகக் குழாய்க்குள் அலை அடைந்து கிடக்கும்வரை யாரும் கேட்கப் போவதில்லை. அதே அலையை ஹார்ன் ஆன்டெனா வழியாக வயலில் வீசணும் என்றால் கதையே வேறு. தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசை உரிமம் கொடுக்கும் டபிள்யூபிசி பிரிவிடம், சரல் சஞ்சார் இணையதளம் வழியாக, பரிசோதனை உரிமத்துக்கு நிறுவனத்தின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வழிதான் என்று முடிவு செய்தால் தலைப்பு உறுதியான வாரத்திலேயே விண்ணப்பியுங்கள், களத்துக்குப் போகிற மாதத்தில் அல்ல. முதல் முயற்சி என்றால் நான் சொல்வது 865 அல்லது 2.4. முடிந்தால் இரண்டும்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் லோரா போர்டுகளில் பாதி 433 அல்லது 915 மெகாஹெர்ட்ஸுக்குச் செய்தவை. 915 அமெரிக்காவுக்குச் சரி. இங்கே அது, போன்கள் டவரை நோக்கிப் பேசுகிற 890–915 பட்டையின் விளிம்பு. பெட்டியில் 865 என்று இருக்கிறதா பாருங்கள், கூட வரும் ஆன்டெனாவும் அதற்கானதா என்று கேளுங்கள். அடுத்தது, வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைப்பது. உரிமம் வேண்டாத கருவிக்கும் இறக்குமதிக்கு ஈடிஏ என்கிற வகை ஒப்புதல் வேண்டும். என் பார்சல் சுங்கத்தில் நின்றது, நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், கடைசியில் 2,900 ரூபாயோடு மறந்துவிட்டேன். உள்ளூர் விற்பனையாளரிடம், ஈடிஏ நகல் கேட்டு வாங்குங்கள்.

2. காகிதம், அனுமதி, அண்ணாச்சி

பட்டா நிலத்தில், உரிமம் வேண்டாத அலையில் அளப்பதற்கு நிலத்துக்காரர் சம்மதம் போதும். ஆனாலும் முக்காலியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வயலில் நிற்பவனை ஊர் சும்மா விடாது. நான் பையில் எப்போதும் வைத்திருந்தவை இவை: துறைத்தலைவர் கையெழுத்திட்ட போனபைடு சான்று, என்ன கருவி, என்ன திறன், எந்தத் தேதிகள் என்று தமிழில் ஒரு பக்கக் கடிதம், தோட்டக்காரர் ஒப்புதல், அவர் கையெழுத்தும் சர்வே எண்ணும் சேர்த்து, அந்தக் கடிதத்தின் நகலில் ஊராட்சித் தலைவரும் காவல் நிலையமும் போட்ட "பெற்றுக்கொண்டோம்" முத்திரை. முத்திரைக்கு இரண்டு நாள் அலைந்தேன், செலவு டீக்காசு. அது இருந்ததால் ஒரு தடவை ரோந்து வண்டி நின்றபோது மூன்று நிமிடத்தில் பேச்சு முடிந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்திருந்தால் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போயிருப்பார்கள்.

தோட்டக்காரரிடம் முதலில் கருவியைக் கொண்டுபோகாதீர்கள். வெறுங்கையோடு போங்கள். நான் பெட்டியோடு போனதும் வந்த முதல் கேள்வி: "தம்பி, டவர் கிவர் போடப் போறியளோ?" இல்லை அண்ணாச்சி, படிப்புக்கு என்றேன். "கதிர் பட்டு வாழைக்கு எதும் ஆயிராதுல்லா? கொஞ்சம் முந்திதான் சூறக்காத்துல நாப்பது வாழை சாஞ்சு போச்சு." என் பெட்டி விடுகிற சக்தி உங்க செல்போனை விடக் குறைவு என்று சொன்னேன். அவர் போனை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். நம்பினாரா தெரியாது, ஆனால் கேட்டைத் திறந்துவிட்டார்.

போகக் கூடாத இடங்களைச் சொல்லிவிடுகிறேன். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக எல்லைக்குள் என்றால் வனத்துறை அனுமதி வேண்டும், அதற்குத் தனிக் கடிதப் போக்குவரத்து. எல்லைக்கு வெளியே அதே வாழை இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? கூடங்குளம், மகேந்திரகிரி, விஜயநாராயணம் பக்கம் ஸ்பெக்ட்ரம் அனலைசரும் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் கருவி) ஆன்டெனாவுமாகத் திரிய வேண்டாம். விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐஎன்எஸ் கட்டபொம்மன் இருக்கிறது. நீர்மூழ்கிகளுக்கு மிகத்தாழ் அதிர்வெண்ணில் அனுப்புகிற நிலையம். 18.2 கிலோஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் 16 கிலோமீட்டருக்கு மேல்; நாங்குநேரியும் வள்ளியூரும் ஒரே அலைக்குள் அடங்கிவிடும். நம் ஊரில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படலாம், தூரத்திலிருந்து.

3. கருவியும் செலவும்

துறையில் விலையுயர்ந்த அனலைசர் இருக்கலாம். அதை வயலுக்கு அனுப்ப மாட்டார்கள், அனுப்பாததும் நியாயம்தான். இரவல் வாங்கினால் கடைசியாக எப்போது அளவுத்திருத்தம் செய்தார்கள் என்று ஸ்டிக்கரைப் பாருங்கள். எனக்குக் கிடைத்த ஒன்றில் ஸ்டிக்கர் உரிந்து, தேதி இருந்த பாதி மட்டும் இல்லை.

நான் கடைசியில் வேலையை முடித்தது சின்னக் கருவிகளால்தான். என் நோட்டில் உள்ள கணக்கு: எஸ்எக்ஸ் 1276 சிப் உள்ள இரண்டு லோரா போர்டு, ஆன்டெனாக்களோடு 4,600 ரூபாய். ஆன்டெனாவைச் சோதிக்கும் கையடக்கக் கருவியான நேனோ விஎன்ஏ ஒன்று 5,200. சிக்னலைக் குறைக்கும் 30 டெசிபெல் அட்டென்யுவேட்டர், படிப்படியாக மாற்றக்கூடிய இன்னொன்று, இரண்டும் சேர்த்து 3,800. பவர் பேங்க் இரண்டு. ஆன்டெனாவைத் தூக்கி நிறுத்த பிவிசி குழாயும் கான்கிரீட் நிரப்பிய பெயின்ட் வாளியும் 700. இரும்புக் குழாய் உறுதியாக இருக்குமே என்று போகாதீர்கள், அதுவே இன்னொரு ஆன்டெனா ஆகிவிடும். போக்குவரத்துதான் கையைக் கடித்தது. வாளியையும் குழாயையும் பஸ்ஸில் ஏற்ற முடியாமல் ஒவ்வொரு தடவையும் ஆட்டோ.

போர்டு காட்டும் சிக்னல் அளவை அப்படியே நம்பாதீர்கள். அனுப்பும் போர்டையும் வாங்கும் போர்டையும் அட்டென்யுவேட்டர்கள் வழியாகக் கேபிளால் இணைத்து, 10 டெசிபெல் கூட்டினால் அளவும் 10 இறங்குகிறதா என்று மேசையிலேயே ஒரு அட்டவணை போடுங்கள். என் இரண்டு போர்டுக்கும் நடுவே 3 டெசிபெல் வித்தியாசம் இருந்தது. அந்த அட்டவணை இல்லாவிட்டால் எது ஆன்டெனா, எது போர்டு, எது வாழை என்று பிரிக்கவே முடியாது. அட்டென்யுவேட்டர் இல்லாமல் அனுப்பியை நேரே வாங்கியிலோ அனலைசரிலோ செருகாதீர்கள். உள்ளே முன்பகுதி போய்விடும், வெளியே ஒன்றும் தெரியாது.

4. கனெக்டர்: என் பதினொரு நாள் போன இடம்

எஸ்எம்ஏ என்று ஒரு கனெக்டர். ஆர்பி-எஸ்எம்ஏ என்று இன்னொன்று. வைஃபை ரவுட்டர் ஆன்டெனாவில் வருவது. மரை ஒன்றே, அளவு ஒன்றே, இரண்டும் ஒன்றோடொன்று அழகாக முறுகும். வித்தியாசம் நடுவில் மட்டும். மரை உள்பக்கம் இருக்கிற சாதாரண எஸ்எம்ஏ ஆன்டெனாவின் நடுவில் ஊசி இருக்கும். ஆர்பி ஆன்டெனாவில் அந்த இடத்தில் துளை. போர்டின் பக்கமும் துளை. துளையும் துளையும் முட்டிக்கொண்டு நிற்க, இடைவெளி வழியே கசிந்த கொஞ்சநஞ்ச அலையைத்தான் நான் பதினொரு நாள் பத்திரமாக அளந்துகொண்டிருந்தேன்.

வாங்கியதும் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை. இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். டிவி கேபிள் 75 ஓம், நமக்கு வேண்டியது 50 ஓம். வீட்டில் கிடக்கிற கேபிளை வெட்டி ஒட்ட வேண்டாம். முறுக்கும்போது நட்டை மட்டும் திருப்புங்கள். கேபிளையே திருகினால் உள்ளே ஊசி அரைபட்டுப் போகும். ஆர்ஜி-58 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல் தின்னும். ஐந்து மீட்டர் கேபிள் போட்டு ஆன்டெனாவை உயரத்தில் வைத்தால் பாதிக்கு மேல் கேபிளிலேயே போய்விடும். போர்டையே குழாய் உச்சியில் கட்டி, பவர் மட்டும் கீழிருந்து கொடுங்கள்.

கிளம்புகிற அன்று காலை நேனோ விஎன்ஏவைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, ஓப்பன், ஷார்ட், லோடு என்கிற மூன்று திருத்தத் துண்டுகளையும் கேபிளின் நுனியில் ஒவ்வொன்றாக மாட்டித் திருத்துங்கள். பெட்டியின் வாயில் திருத்திவிட்டுக் கேபிள் போடுவது வீண். பிறகு ஆன்டெனாவை அதன் குழாயில் கட்டிய நிலையிலேயே பாருங்கள். 865இல் ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலை மைனஸ் 10 டெசிபெல்லுக்குக் கீழே இருந்தால் கிளம்பலாம்.

5. முதலில் குளம், பிறகு தோப்பு

நம் சீமைக்கு ஒரு வசதி: சித்திரை வைகாசியில் மானாவாரிக் குளங்கள் பல காய்ந்து, மேசை போலக் கிடக்கும். கட்டடம் இல்லை, கம்பிவேலி இல்லை. அங்கே அளந்த எண்தான் உங்கள் ஒப்பீட்டு அளவு. தோப்பில் எந்த உயரமோ, எந்தத் தூரமோ, அதே உயரம், அதே தூரம் இங்கேயும்.

ஏன் வெறும் சூத்திரம் போதாது? 865 மெகாஹெர்ட்ஸில் நூறு மீட்டருக்குத் தடையற்ற வெளி இழப்பு 71 டெசிபெல். 14 டிபிஎம் அனுப்பி, இரண்டு பக்கமும் 2 டெசிபெல் ஆன்டெனா என்றால் மைனஸ் 53 வர வேண்டும். ஆனால் ஆன்டெனா தரையிலிருந்து ஒன்றரை மீட்டர்தானே? நேர் அலையோடு தரையில் பட்டுத் திரும்பும் அலையும் சேர்கிறது. இந்த உயரத்தில் 26 மீட்டரைத் தாண்டியதும் தரையின் கை ஓங்க ஆரம்பிக்கிறது. நூறு மீட்டரில் வித்தியாசம் இரண்டு டெசிபெல்தான், கவனிக்கக்கூட மாட்டீர்கள். முந்நூறு மீட்டரில் அது 11. வெறும் சூத்திரத்தோடு ஒப்பிட்டால் அந்த 11ஐயும் தூக்கி வாழை தலையில் போடுவீர்கள். நூறு மீட்டரின் நடுவில் முதல் ஃபிரெனல் வளையத்தின் (அலைக்குத் தடையில்லாமல் வேண்டிய இடத்தின்) ஆரம் 2.9 மீட்டர்; ஒன்றரை மீட்டர் உயரத்தில் அதில் பாதி தரைக்குள் இருக்கிறது. எனவே தரையைக் கழிக்கத் தரையில்தான் அளக்க வேண்டும்.

ஒரு புள்ளியில் ஒரு அளவு எடுத்தால் அதற்கு அர்த்தமே இல்லை. ஒரு சாண் தள்ளி வைத்தால் பத்து டெசிபெல் மாறும். ஒவ்வொரு தூரத்திலும் 40 அலைநீளம் அளவுக்கு நகர்ந்து, 36க்குக் குறையாமல் அளவெடுத்துச் சராசரி போடுங்கள். 865க்கு அது 14 மீட்டர், 2.4க்கு 5 மீட்டர். கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டால் டேப் தேவையில்லை. அளவெடுக்கும்போது நீங்கள் இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவில் நிற்காதீர்கள். நாமும் தண்ணீர்ப் பைதான், வாழையைப் போல.

6. தோப்புக்குள்

நான் போன தோப்பில் ஆறடிக்கு ஆறடி நட்டிருந்தார்கள். வரிசையோடு நேராகப் பார்த்தால் அந்த மூலை வரைக்கும் ஒரு சந்து தெரியும். அந்தச் சந்து வழியே அளந்தால் வாழையே இல்லாதது போல வரும். கொஞ்சம் கோணலாகப் போனால் தண்டுக்குப் பின் தண்டு. இரண்டும் அதே தோப்பு, அதே நூறு மீட்டர். எந்தத் திசையில் அளந்தேன் என்று எழுதாத அளவை நான் இப்போது படிப்பதே இல்லை. வரிசையோடு ஒன்று, மூலைவாட்டில் ஒன்று, இரண்டையும் தனித்தனியே எடுங்கள்.

உயரமும் இரண்டு வேண்டும். ஒன்றரை மீட்டரில் அலை தண்டுகளுக்கு நடுவே போகிறது, மூன்று மீட்டரில் இலைக்கூட்டத்துக்குள். இரண்டு ஆன்டெனாவும் ஒரே மாதிரி செங்குத்தாக நிற்கட்டும். ஒன்று சாய்ந்தால் அந்த இழப்பையும் வாழை கணக்கில் எழுதிவிடுவீர்கள். செடிகொடிகளில் அலை இழப்புக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூ வெளியிட்ட பி.833 பரிந்துரையை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். உங்கள் எண்ணை அதோடு ஒப்பிட்டுக் காட்டினால் மதிப்பீட்டாளர் பாதிக் கேள்வியை விட்டுவிடுவார்.

விடிவதற்கு முன் தனியாகத் தோப்புக்குள் இறங்காதீர்கள். மலையடிவாரத்தில் பன்றி வரும். பன்றிக்காகச் சில இடங்களில் மின்வேலி இருக்கும், இரவில் மட்டும் ஓடவிடுவார்கள். தோட்டக்காரர் வந்து "வாங்க" என்ற பிறகே உள்ளே கால் வையுங்கள். காலை ஆறரைக்கு இலையெல்லாம் பனித்தண்ணீர் கோத்து நிற்கும், ஒன்பது மணிக்குக் காய்ந்துவிடும். இந்த இரண்டரை மணி நேரத்துக்குள் அளவு மெல்ல மாறுவதை நான் கருவிக் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் போர்டைப் பிரித்துப் பார்த்தேன். கோளாறு இல்லை, அதுதான் ஆராய்ச்சி. நேரம், இலை ஈரம், காற்று, என்றைக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள் என்று ஒவ்வொரு அளவோடும் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் தோட்டக்காரரிடம்தான் இருக்கும். தினமும் கேளுங்கள், அவருக்கும் பிடிக்கும்.

7. நகல்

எடுத்த அளவுகளை அன்றன்றைக்கே இரண்டு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்த நண்பனின் மடிக்கணினியும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தன.

8. எந்த மாதத்தில் எதை

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று அடிக்கும்போது இலைகள் ஓயாது. நொடிக்கு நொடி அளவு குதிக்கும். அசைவு பற்றியே ஆராய்கிறீர்கள் என்றால் அதுதான் உங்கள் பருவம். இல்லையென்றால் விடியற்காலை அமைதியில் மட்டும் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பெட்டிக்கு உறை போட்டால் அந்த உறையோடு மறுபடி விஎன்ஏவில் பாருங்கள்; நனைந்த பிளாஸ்டிக் ஆன்டெனா வேலை செய்யும் அதிர்வெண்ணை இழுத்துவிடும். பக்கத்து வயலில் பிசான நெல்லுக்குத் தண்ணீர் கட்டியிருந்தால் தரைப் பிரதிபலிப்பு மாறும், குளத்து அளவு அப்படியே பொருந்தாது. அந்த மாதங்களில் தோப்பின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள், ஓரத்தை விடுங்கள்.

ஓணச் சந்தையைக் கணக்கு வைத்து நட்ட ஏத்தன் என்றால் ஆவணியை ஒட்டித் தார் வெட்டு நடக்கும். கேரள வியாபாரி விலை பேசிவிட்டால் தோட்டக்காரர் உங்களுக்காக ஒரு நாள்கூட நிறுத்த மாட்டார், நிறுத்தச் சொல்லவும் கூடாது. வளர்ந்த தோப்பின் அளவுகளை ஆடி கடைசிக்குள் முடித்துவிடுங்கள். குழாய் நட்ட இடங்களில் முளைக்குச்சி அடித்து, பெயின்ட் பூசி, பிடுங்க வேண்டாம் என்று வெட்ட வருகிறவர்களிடமும் சொல்லி வையுங்கள். வெட்டி, மரங்களையும் சாய்த்து அள்ளிய பிறகு அதே முளைகளில் இன்னும் ஒரு நாள் அளக்க வேண்டும்; வாழை இல்லாமல் அதே தரை எவ்வளவு காட்டுகிறது என்று ஒப்பிட. எனக்கு முளை பதினாறில் பதினொன்று மிஞ்சியது. ஐந்து அடுப்புக்குப் போயிருந்தன.